கையை எடுத்தால் நிற்க வேண்டும்

திருப்புளி அன்றைக்குப் பொய் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரமாக அவருக்குச் சிக்கலே அதுதான். பொய் சொல்லியிருந்தால் யாரிடமாவது போய், பொய் சொல்லிவிட்டேன் என்று நின்றிருக்கலாம். சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையை மட்டும் சொல்லியே ஒரு மனிதனைக் கவிழ்த்துவிடலாம் என்பது அவருக்கு ஐம்பத்திரண்டாவது வயதில்தான் தெரிந்தது.

முதலில் ஆள் யாரென்று சொல்லிவிட வேண்டும். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, மற்றபடி யாருக்கும் ஞாபகமில்லை. தச்சர்கள் காதுக்குப் பின்னால் பென்சில் செருகுவார்கள். இவர் அந்த இடத்தில் ஸ்க்ரூ கழற்றும் சின்னத் திருப்புளி ஒன்றைச் செருகியிருப்பார். அதுவே பெயராகிவிட்டது. கல்யாணப் போட்டோவிலும் அது இருக்கிறது என்று மனைவி சொல்வார். போட்டோவைக் காட்டச் சொன்னால் காட்டமாட்டார்.

படிப்பு எட்டாம் வகுப்போடு முடிந்தது. முதலில் மோட்டாருக்குக் காயில் கட்டினார், பிறகு டிவி, பிறகு செல்போன். எந்தத் தொழிலுக்குப் போனாலும் ஒரே எதிரிதான் எதிரே வந்து நின்றது: மூடி. 'திறந்தால் நாங்கள் பொறுப்பல்ல' என்று ஒட்டியிருக்கும் வெள்ளிக் காகிதத்தைப் பார்த்தாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை ஒரு கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போய் ஒரு டிவியின் சர்க்யூட் சுற்றுப்படம் கேட்டார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த மரியாதைதான் அதிகம் சுட்டது.

ஏழு வருடத்துக்கு முன்னால் யாரோ ஒரு போட்டோக்காரர் மரத்தில் மோதி நொறுங்கிய ட்ரோன் ஒன்றைக் கோணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் பிரித்த நாளில் திருப்புளியின் வாழ்க்கை திரும்பியது. ட்ரோனை ஓட்டும் மென்பொருளில் ஒன்று, மூடியே இல்லாமல் கிடந்தது. உலகத்தில் எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் சேர்ந்து எழுதி, எடுத்துக்கொள், பிரித்துப் பார், உன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள் என்று பொதுவில் வைத்திருந்தார்கள். அதில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் செட்டிங். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கிலப் பெயர். இவருக்கு ஆங்கிலம் ஓடாது. ஆனால் தெருவில் எதிரே வருகிறவர்களின் முகத்தை அடையாளம் வைத்துக்கொள்வது போல அத்தனை பெயரின் முகத்தையும் மனப்பாடம் பண்ணிவிட்டார். இரண்டு வருடம் பிடித்தது. அதற்கப்புறம் 'உங்களுக்குப் புரியாது' என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அதே போல இலவசமாக, திறந்து கிடக்கும் இன்னொரு மென்பொருளும் உண்டு. அதன் குணம் வேறு. அது பத்துக் கேள்வி கேட்கும். பதில் சொன்னால், சரி பறக்கலாம் என்னும், அவ்வளவுதான். ரிமோட்டில் மூன்று நிலை உள்ள சுவிட்ச் ஒன்று இருக்கும். மேலே வைத்தால் இயந்திரம் தானாக வேலை பார்க்கும். நடுவில் வைத்தால் நம் கையோடு வரும். கீழே தள்ளிக் கையை எடுத்துவிட்டால் இருந்த இடத்தில் ஆணி அடித்த மாதிரி நிற்கும். பயிற்சிப் பள்ளிகளில் எல்லாம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

திருப்புளி அதற்கு வைத்த பெயர் பால்புட்டி.

"ஆயிரத்து இருநூறு இருக்கு, உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோங்குறான் இவன். பத்துக்கு மேல உனக்கு எதுக்குங்குறான் அவன். யாரு நம்மள மனுஷனா மதிக்குறான் சொல்லு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"நம்ம வாஷிங் மெஷின்ல பதினாலு விதம் இருக்கு. ஒம்போது வருஷமா நான் ஒண்ணைத்தான் அமுக்குறேன். துணி வெளுக்குது" என்றார் மனைவி.

ஊருக்கு வெளியே பழத்தோட்டங்களுக்கு ட்ரோனில் மருந்து தெளிக்கும் தொழில் ஒரு அம்மாள் கையில் இருந்தது. எல்லோருக்கும் முதலாளியம்மா. அவருக்கு முதல் மூன்று இயந்திரங்களையும் கட்டிக்கொடுத்தது திருப்புளிதான். அந்த மூன்றையும் ஓட்டியவர்கள் இவர் கடையில் வந்து இவர் பக்கத்தில் நின்று பழகியவர்கள். ஆகவே இவருடைய பழக்கம் அவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பழக்கத்தில் ஒன்று, சுவிட்சின் கீழ்நிலை மேனுவல். இயந்திரத்தின் திசைமானி பிசகினாலோ சாட்டிலைட் குழம்பினாலோ அது தன் புத்தியில் எங்கேயோ இழுத்துக்கொண்டு ஓடும். அந்த நேரத்தில் அதன் புத்தி முழுவதையும் பிடுங்கிவிட்டு மனிதன் கையில் தர வேண்டும் என்பது திருப்புளியின் கட்சி. தப்பான கட்சியும் இல்லை. ஆபத்து என்றால் எல்லோர் விரலும் அந்தக் கீழ்நிலைக்குத்தான் போகும். பள்ளியில் கற்றவனுக்கு அங்கே விடு என்று அர்த்தம். திருப்புளியிடம் கற்றவனுக்கு அங்கே பிடி என்று அர்த்தம்.

தன் செட்டிங் மொத்தத்தையும் அவர் ஒரே கோப்பாகச் சேமித்து வைத்திருந்தார். புது இயந்திரம் கட்டினால் ஒரே அமுக்கு, ஆயிரத்து இருநூறும் அதில் இறங்கிவிடும். பிறகு டேங்க் அளவு, எடை, பேட்டரி என்று நாலைந்தை மட்டும் மாற்றுவார். தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

நான்காவது இயந்திரத்துக்கு ஓட்டுநராக வந்தவர் திருப்புளியின் சகலை. மனைவியின் தங்கை கணவர். இருபது வருடம் லாரி ஓட்டியவர். முதுகெலும்பில் ஏதோ தட்டு நழுவி, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒன்றரை வருடம் வீட்டில் கிடந்து, பிறகு நாற்பத்தைந்து வயதில் பயிற்சிப் பள்ளிக்குப் போய், தன் வயதில் பாதிகூட இல்லாத பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து பாஸ் பண்ணி அனுமதி வாங்கினார். அந்தச் சான்றிதழை வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். திருப்புளி அதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா சகலை, பால்புட்டியில டாக்டர் பட்டமா?" என்று கேட்டார். சகலை சிரித்தார். சகலைகளுக்குள் இதெல்லாம் உண்டு. இவர் பல்செட்டைப் பற்றி அவரும் பேசுவார்.

முதலாளியம்மா தெளிவாகத்தான் சொன்னார். "புது ஆளு பள்ளிக்கூடத்துல எப்படிக் கத்துக்கிட்டாரோ அப்படியே வெச்சுக் குடுங்க. உங்க வித்தையெல்லாம் வேண்டாம்."

"ஆகட்டும்மா" என்றார் திருப்புளி.

அன்று மதியம் கோப்பை இறக்கினார். நாலைந்தை மாற்றினார். சுவிட்ச் வரி கண்ணில் பட்டது. பார்க்காமல் விட்டார் என்று யாராவது சொன்னால் அது பொய். பார்த்தார். கீழ்நிலை, மேனுவல். கை மவுஸில்தான் இருந்தது. ஓட்டுறவன்னா ஓட்டணும், சகலை என்ன கைக்குழந்தையா என்று ஒரு எண்ணம் ஓடியது. சுற்றுப்படம் கேட்டுப் போன நாளின் எரிச்சல் எங்கேயோ அடியில் கிடந்து, இத்தனை வருடம் கழித்துச் சம்பந்தமில்லாத ஒரு மனிதன் மேல் திரும்பியிருக்க வேண்டும். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று லேப்டாப்பை மூடினார்.

மறுநாள் காலை சகலை இயந்திரத்தை எடுக்க வந்தார். கூடவே மனைவியும் வந்தார். அக்காளும் தங்கையும் பேச உட்கார்ந்தால் வேறு பேச்சுக்கு இடம் கிடையாது. சகலை முற்றத்தில் மூன்று சுற்றுப் பறக்கவிட்டார். சுவிட்ச் நடுவிலேயே இருந்தது. கீழே தள்ளத் தேவைப்படவில்லை. "பூ மாதிரி வருது சகலை" என்றார். திருப்புளிக்கு அதைக் கேட்டுப் பூரிப்பு. சொல்ல வேண்டியது தொண்டையிலேயே நின்றுவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. அது தொண்டை வரைக்கும் வரவே இல்லை.

பதினோராம் நாள் அது நடந்தது. தோட்டத்து ஓரத்தில் தண்ணீர் வண்டிக்குப் பக்கத்தில் மருந்துக்காரர் நின்றிருந்தார். மருந்தைக் கலந்து டேங்கில் ஊற்றிக்கொடுப்பது அவர் வேலை, அதனால் அந்தப் பெயர். சகலை நிறைந்த டேங்கோடு வரிசையின் முனைக்கு வந்தபோது பக்கவாட்டில் ஒரு காற்று அடித்தது. இயந்திரம் மருந்துக்காரர் பக்கமாக நகர்ந்தது. சகலை பள்ளியில் நூறு தடவை செய்ததைச் செய்தார். சுவிட்சைக் கீழே தள்ளினார், கையை எடுத்தார்.

அது நிற்கவில்லை. பதினாறு லிட்டர் மருந்தோடு, பிடிக்க ஆளில்லாமல், காற்று தள்ளிய பக்கம் சாய்ந்து இறங்கியது. இறக்கையைத் தாங்கும் அதன் கை ஒன்று மருந்துக்காரரின் தோளில் விழுந்தது. காறை எலும்பு உடைந்தது, தோள் மூட்டு விலகியது. இறக்கை கழுத்துக்கு நாலு விரல் தள்ளிப் போனது.

முதலாளியம்மாவின் அலுவலகம் தகரக் கொட்டகையில் ஒரு மூலை. ஒரு மேசை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரெல்லாம் பேட்டரி சார்ஜர்கள். இயந்திரம் தன் ஒவ்வொரு அசைவையும் உள்ளே பதிவு செய்து வைத்திருக்கும். அந்தப் பதிவை வாசிக்கத் தெரிந்தவர் அந்த வட்டாரத்தில் திருப்புளி ஒருவர்தான். கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"என்ன இருக்கோ அதைப் படிங்க. சகலைன்னு பாக்காதீங்க" என்றார் முதலாளியம்மா.

சகலை எதிரே உட்கார்ந்திருந்தார். சட்டையில் மருந்துக்காரரின் ரத்தம் காய்ந்திருந்தது.

திருப்புளி லேப்டாப்பைத் திறந்தார். "பத்து நாப்பத்திரெண்டு. சுவிட்ச் மாறுது. மேனுவல்."

"அப்புறம்?"

"ரிமோட்டுக் குச்சி ரெண்டும் நடுவுல இருக்கு."

"நடுவுலன்னா?"

"கை வெக்கல."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டே முக்கால் செகண்டு."

முதலாளியம்மா மெதுவாகக் கேட்டார். "மேனுவல்ல போட்டுட்டு கையை எடுத்துட்டாரு. அப்படித்தானே?"

"பதிவுல அப்படித்தாம்மா இருக்கு."

"நான் நிறுத்தத்தான் தள்ளினேன்" என்றார் சகலை. முதலாளியம்மாவைப் பார்த்துச் சொல்லவில்லை. திருப்புளியைப் பார்த்துச் சொன்னார். இது தெரிந்த ஆள் ஏதாவது எடுத்துச் சொல்வார் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது. திருப்புளி திரையை மேலே தள்ளினார், கீழே தள்ளினார். தேட ஒன்றுமில்லாத இடத்தில் எதையோ தேடினார்.

"பயத்துல கை மாறியிருக்கும். யாருக்கும் வர்றதுதான்" என்றார் முதலாளியம்மா. கல் நெஞ்சக்காரி இல்லை. ஆனால் கண்டிப்பானவர். "இனி பறக்க வேண்டாம். பேட்டரி சார்ஜ் போடுங்க, டேங்க் கழுவுங்க. மாசக் கடைசியில நான் பள்ளிக்கூடத்துக்கு எழுதியாகணும். அவங்க உங்க அனுமதியை ரத்து பண்ணத்தான் செய்வாங்க. எனக்கு வேற வழியில்ல."

சகலை தலையாட்டினார். அவ்வளவு பெரிய உடம்பு, நாற்காலியில் சின்னதாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் திருப்புளியால் தாங்க முடியவில்லை. ஊரில் அவரைப் புகழ்ந்தார்கள். சொந்தச் சகலை என்றும் பார்க்காமல் உள்ளதை உள்ளபடி சொன்ன மனுஷன் என்றார்கள். பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளியம்மா ஐந்தாவது இயந்திரத்தையும் அவரிடமே கட்டச் சொல்லி ஆள் அனுப்பினார். "நம்பிக்கையான கை வேணும்ல" என்று வந்த ஆள் சொன்னார். திருப்புளி எழுந்து கடைக்குப் பின்னால் போய்க் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டார்.

மனைவி மட்டும் புகழவில்லை. "கொஞ்சம் பூசி மெழுகியிருக்கலாம்ல. என் தங்கச்சி போன்ல அழுறா. அப்படி என்ன அரிச்சந்திரன் வேலை உங்களுக்கு?"

"உள்ளதைத்தானே சொன்னேன்."

"சொன்னீங்க சொன்னீங்க. சாப்பாடு எறங்குதா?"

இறங்கவில்லை. கடைக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறப்பார். அந்த வரிக்குப் போவார். மேனுவல் என்பதை நிறுத்தம் என்று மாற்றுவார். எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிடம்கூட இல்லை. சேமிக்காமல் மூடிவிடுவார். மறுநாள் மறுபடி திறப்பார். இந்த மென்பொருளை எப்படி வேண்டுமானாலும் வளைக்கலாம் என்று அவர் கொண்டாடாத நாள் கிடையாது. சகலையின் கைக்கு ஏற்றபடியும் வளைத்திருக்கலாம். வளைந்தது எல்லாம் தன் பக்கமாக மட்டும்தான் என்று இப்போது தெரிந்தது. பால்புட்டி என்று சிரித்தாரே, அது வந்தவன் போனவன் எல்லோரையும் முதலிலேயே நினைத்துப் பார்த்துவிட்டுச் செய்தது. இவர் ஒரே ஒருவரைக்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

இந்த மென்பொருள்காரர்கள் பேசிக்கொள்ளும் இணையதளம் ஒன்று உண்டு. அதில் தான் பழைய நாளில் எழுதியது ஒன்று கண்ணில் பட்டது. யாரோ ஒரு புதியவர், இத்தனை செட்டிங் தலை சுற்றுகிறது, முதலிலேயே கொஞ்சம் எளிதாக வைத்தால் என்ன என்று கேட்டிருந்தார். திருப்புளி செல்போனில் மொழிபெயர்த்துப் பதில் போட்டிருந்தார்: படிக்க முடியாதவர் பறக்க வேண்டாம். அதற்குக் கீழே பன்னிரண்டு பேர் விரலை உயர்த்திப் பாராட்டியிருந்தார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற தான்தான் இதை எழுதினோமா என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிவி கம்பெனி மேசைக்குப் பின்னால் இருந்த மனிதர்கூட இவ்வளவு கேவலமாகப் பேசவில்லை.

மாதக் கடைசிக்கு நான்கு நாள் இருந்தது. சகலை வீட்டுக்குப் போனார்.

"வாங்க அத்தான்" என்றார் சகலையின் மனைவி. வழக்கமாகக் கூடவே வரும் கேலி வரவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சுவரில் சான்றிதழ் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது.

சகலை சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தார். எதிரே பேட்டரி கழற்றிய பழைய ரிமோட். கண்ணை மூடிக்கொண்டு விரலால் சுவிட்சைக் கீழே தள்ளினார், கையை எடுத்தார். மறுபடி மேலே ஏற்றினார். மறுபடி தள்ளினார்.

"என்ன பண்ற?"

"எங்க மாறுச்சுன்னு பாக்குறேன் சகலை." கண்ணைத் திறக்கவில்லை. "இருபது வருஷம் லாரி. பிரேக்குக்குப் போற கால் ஒரு நாள் ஆக்சிலேட்டர்ல விழுந்ததில்ல. இதுல மட்டும் எப்படி மாறும்? ஆயிரம் தடவை தள்ளிட்டேன். ஒரு தடவைகூட மாறல. ஆனா அன்னைக்கு மாறியிருக்கு. நீங்களே படிச்சீங்களே."

"சகலை."

"நேத்து மகளோட ரோட்டைக் கடக்கணும். கையைப் பிடிக்கப் பயமா இருந்துச்சு. இந்தக் கை எப்ப என்ன பண்ணும்னு எனக்குத் தெரியலையே. நீயே பாத்து வாம்மான்னு சொல்லிட்டேன்."

திருப்புளி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உன் கை மாறல. அந்த மெஷின்ல கீழ நிறுத்தம் இல்ல. மேனுவல் இருந்துச்சு. நான் வெச்சது. உன்கிட்ட சொல்லல."

சகலை கண்ணைத் திறந்தார். விரல் இன்னும் சுவிட்ச் மேலேயே இருந்தது. உள்ளே குக்கரோ எதுவோ விசில் அடித்து அடங்கியது.

"அன்னைக்குப் படிக்கும்போது இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"படிச்சுக்கிட்டு வரும்போது தெரிஞ்சுதா? முடிச்ச பிறகா?"

இதற்கு ஒரு சின்னப் பொய் போதும். சகலையே வழி காட்டிவிட்டுத்தான் கேட்டார். திருப்புளி தன் முழங்கையைச் சொறிந்தார். "லேப்டாப்பைத் திறக்குறதுக்கு முன்னாடியே தெரியும்."

சகலை ரிமோட்டை மேசையில் வைத்துத் தள்ளி விட்டார். "நீங்க பிரேக்கை எந்த இடத்துல வேணா வைங்க. கூரையில வைங்க. பெரிய ஆளு, உங்களால முடியும். ஆனா சாவியைக் குடுக்கும்போது எங்க இருக்குன்னு சொல்லிட்டுக் குடுக்கணும். லாரி கழுவுற கிளீனருக்குக்கூட இது தெரியும் சகலை."

"தப்புதான்யா."

"அது தப்பு. மறந்துட்டீங்கன்னு வெச்சுக்குறேன்."

"மறக்கல."

சகலை எழுந்து நின்றார். முதுகு வலியில் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவு நிலையில் அவர் மனைவி வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாரோ. "அக்காவுக்குத் தெரியுமா அத்தான்?" என்று கேட்டார்.

"இல்லம்மா."

"நானா சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லுங்க. என் வாயால சொன்னா நல்லா இருக்காது."

சகலை சட்டையை மாட்டிக்கொண்டார். "கிளம்புங்க. இங்க சொன்னதை அங்க சொல்லுங்க."

திருப்புளியின் பைக்கில் போனார்கள். வழக்கமாகப் பின்னால் உட்கார்ந்தால் சகலை இவர் தோளைப் பிடித்துக்கொண்டு வழி நெடுக ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவார். அன்று பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மேடு பள்ளத்தில் முதுகு என்ன பாடு பட்டதோ, ஒரு சத்தமும் வரவில்லை.

முதலாளியம்மா கேட்டுக்கொண்டார். சொல்லி முடித்த பிறகு, "நான் பள்ளிக்கூடத்துல கத்துக்கிட்ட மாதிரி வைங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்றார்.

"சொன்னீங்க."

"அன்னைக்கு நீங்கதான் நேர்மையா படிப்பீங்கன்னு கூப்பிட்டேன்."

"படிச்சேன்மா."

"ஆமா. ஒரு எழுத்து விடாமப் படிச்சீங்க." மேசை இழுப்பறையைத் திறந்து, பள்ளிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். வெள்ளைத்தாள் ஒன்றை இவர் முன்னால் வைத்தார். "நீங்க எழுதுங்க. உங்க கையால."

திருப்புளி பேனா பிடித்து வருடக்கணக்காகிவிட்டது. எழுத்து கோணலாக, மேலே ஏறி இறங்கி வந்தது. சுவிட்சை நான் மாற்றி வைத்திருந்தேன். ஓட்டுநரிடம் சொல்லவில்லை. அவர் தனக்குக் கற்றுக்கொடுத்தபடி சரியாகத்தான் செய்தார். இவ்வளவும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனார்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் முதலாளியம்மா.

திருப்புளி பேனாவை மறுபடி தாளில் வைத்தார். இது எனக்கு முன்பே தெரியும், பதிவை வாசித்த அன்று சொல்லவில்லை.

முதலாளியம்மா தாளை வாங்கிப் படித்தார். "அஞ்சாவது மெஷின் உங்களுக்கு இல்ல. பழைய மெஷினைப் பாத்துக்கோங்க. இனி யாரு ஓட்டப் போறாங்களோ அவங்க வந்து எல்லா நிலையையும் தள்ளிப் பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் நான் எடுப்பேன். இவரு நாளைக்கே பறக்கலாம்." எழப் போனவர் நின்றார். "மருந்துக்காரர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்க வேலை."

மனைவியிடம் அன்று மாலையே சொன்னார். மனைவி கேட்டுவிட்டு, நறுக்கிக்கொண்டிருந்த காய்கறியை அப்படியே வைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். செருப்பை மாட்டும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "நான் வேற உங்களைப் பூசி மெழுகச் சொன்னேன்" என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக மருந்துக்காரர் வீட்டுக்குப் போனார். அவர் கையைத் தூளியில் கட்டிக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் சுவிட்சைப் பற்றி ஆரம்பித்ததும், "அந்த விவரமெல்லாம் எனக்கு வேண்டாம்" என்று நிறுத்தினார். "உங்க சகலை தப்பு பண்ணலையா?"

"பண்ணல. நான்தான்."

"தெனமும் காலையில வந்து எனக்குச் சட்டை போட்டுவிட்டுப் போறாருய்யா அவரு. நான் வாயில வந்ததெல்லாம் பேசியிருக்கேன். குடிச்சிருந்தியான்னு கேட்டேன். அவரு பொண்டாட்டி முன்னாடி வெச்சுக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் பொத்தானைப் போட்டுக்கிட்டே இருந்தாரு." நல்ல கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தோளு சேர்ந்துரும்னு டாக்டர் சொல்றாரு. பேசின பேச்சை யாரு திரும்ப எடுக்குறது? நீங்க எடுப்பீங்களா?"

என்ன வேலை இருந்தாலும் செய்கிறேன் என்று திருப்புளி ஏதோ சொன்னார். மருந்துக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அங்கிருந்து நேராகத் தோட்டத்துக்குப் போனார். சகலை அங்கே காத்திருந்தார். இயந்திரத்துக்குப் புதுக் கையும் இறக்கையும் முந்தின நாளே மாட்டியாகிவிட்டது. மென்பொருள் அதேதான். லேப்டாப்பைச் சகலை பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிலையாக உரக்கச் சொல்லி, அவர் தலையாட்டிய பிறகுதான் மாற்றினார். மேலே தானாக. நடுவில் கையோடு. கீழே நிறுத்தம். இந்தத் தடவை சேமித்தார்.

"சரி" என்றார் சகலை. ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தண்ணீர் வண்டியைக் கையால் காட்டினார். "அங்க போய் நில்லுங்க."

திருப்புளி போய் நின்றார். மூன்று வாரத்துக்கு முன் மருந்துக்காரர் நின்ற இடம். தரையில் புல் கருகி ஒரு வட்டம் இருந்தது, மருந்து கொட்டியது. இயந்திரம் வரிசையின் மறுமுனையில் எழும்பி இவரைப் பார்த்து வந்தது. இத்தனை வருடமாக எதைச் சரிசெய்தாலும் இவருக்குத் தன் வேலைமேல் சந்தேகம் வந்ததில்லை. இப்போது வந்தது. ஆயிரத்து இருநூறில் வேறு எதையாவது என் இஷ்டத்துக்கு மாற்றி வைத்திருக்கிறேனா? ஒவ்வொரு பெயரின் முகமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். இரைச்சல் பெரிதாகிக்கொண்டே வந்தது. கால் தானாகப் பின்னால் போகப் பார்த்தது. போகவிடவில்லை.

சகலை சுவிட்சைக் கீழே தள்ளினார். இரண்டு கைகளையும் ரிமோட்டிலிருந்து எடுத்து, இவருக்குத் தெரியும்படி தலைக்கு மேல் தூக்கினார்.

இயந்திரம் பத்தடி தூரத்தில் நின்றது. அதன் காற்று இவர் சட்டையை உடம்போடு ஒட்டியது. சகலை அதே மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு இருபது வரை எண்ணியிருப்பார். பிறகு கையை இறக்கி, இயந்திரத்தையும் தரையில் இறக்கினார்.

திருப்புளி அங்கிருந்து நகர ஒரு எட்டு வைத்தார்.

"இருங்க" என்றார் சகலை. "இது காலி டேங்க். அன்னைக்கு நிறைஞ்சிருந்துச்சு. தண்ணியை ஊத்துங்க."

திருப்புளி கேனைத் தூக்கிக்கொண்டு போய் டேங்கை விளிம்பு வரை நிரப்பினார். மூடியைத் திருகினார். சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு, திரும்பி நடந்து போய், அதே இடத்தில் நின்றார்.